எஞ்சினைத் திறந்த ஆள்

எனக்கு வேலை பழக்கிய றொபேட் அண்ணை நல்ல மனுசன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனி அவரைப் பற்றிக் கொஞ்சம் காரமாகத்தான் சொல்லப் போகிறேன். பிறகு யாரும் என்னை நன்றி கெட்டவள் என்று நினைக்கக் கூடாது.

திருகோணமலை உட்துறைமுகத்தின் ஓரமாக, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கடைகளில் ஒன்று அவருடையது. மீன்பிடிப் படகுகளின் பின்பக்கம் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துகிற கடை. முன்வாசலால் போனால் வீதி, பின்வாசலால் போனால் தண்ணீர். என் பெயர் லதுஷா, ஊர் உப்புவெளி. தொழிற்பயிற்சி நிலையத்தில் வகுப்பு முடிந்ததும் பயிலுனராக என்னை அங்கே அனுப்பினார்கள். எங்கள் வகுப்பில் எஞ்சின் படித்த ஒரே பெண் நான்தான். மற்றக் கடைக்காரர்கள் எல்லோரும் என் பெயரைக் கேட்டதுமே இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். றொபேட் அண்ணை மட்டும், "அனுப்புங்கோ பாப்பம்" என்றாராம்.

நான் வேலைக்கு வந்த கையோடு, கடையின் பின்பக்கம் எனக்கென்று ஒரு கழிவறை கட்டுவித்தார். கதவுக்கு உள்ளே மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி. ஆம்பிளைகளின் அளவுக் கையுறை எனக்குப் பெரிது என்று கண்டு, கொழும்பிலிருந்து சின்ன அளவில் எடுப்பித்தார். கடையில் இருந்த ஒரே காற்றாடியைத் தன் மேசையிலிருந்து கழற்றி என் பக்கம் பூட்டினார். பின்னேரம் ஆனதும், "பிள்ளை, பஸ் போகப்போகுது" என்று என்னைக் கோழி விரட்டுவது போல விரட்டுவார். நான் பஸ் ஏறியதும் அம்மாவுக்கு டெலிபோன் எடுத்து, "ஏறிட்டா" என்று அறிவிப்பார், ஏதோ பார்சல் போட்டுவிட்டவர் மாதிரி. பயிற்சி உத்தியோகத்தர் பார்வையிட வந்தபோது இதையெல்லாம் கண்டு அசந்துபோய், என்னையும் றொபேட் அண்ணையையும் அந்தக் கழிவறைக் கதவுக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் பேஸ்புக்கிலும் வந்தது. பெண்களுக்கு உகந்த வேலைத்தலம் என்று மேலே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து எங்கள் வீட்டு ஒழுங்கைச் சனம் முழுவதும் சிரித்தது.

எல்லாம் தந்தார். ஒன்றை மட்டும் தரவில்லை. அது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் எனக்குப் பிரயோசனம் இல்லை.

அது என்னவென்று சொல்கிறேன். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைத் திருத்தி முடித்ததும் முதலில் கடையில் உள்ள தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஓட்டிப் பார்ப்போம். அது சரியென்றால் படகில் பூட்டிக் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ட்ரயல் என்று பெயர். ட்ரயலுக்கு எஞ்சினைத் திறந்த ஆளேதான் போக வேண்டும். முதலாளி போனாலும் செல்லாது, கூட வேலை செய்கிறவன் போனாலும் செல்லாது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அதைத் திறந்து மூடியவனும் அந்தப் படகில் இருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். எழுதிக் கொடுக்கிற உத்தரவாதத்தை எங்கள் கரையில் யாரும் கணக்கெடுப்பதில்லை. திருத்தினவன் ஏறி இருக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள்.

நான் திறந்த எஞ்சின்களுக்கு மட்டும் டிலுக்ஷன் போவான். டிலுக்ஷன் எனக்கு முதலே இங்கு பழகி, பிறகு இங்கேயே வேலைக்கு நின்றவன். நல்ல பெடியன், ஆனால் சோம்பேறி. படகுக்காரர்கள் கேட்டால், "நான்தான் திறந்தனான்" என்று வாய் கூசாமல் சொல்லுவான். உள்ளே நான் கிறீஸ் கையோடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

"ஏன் அண்ணை நான் போக ஏலாது?" என்று பல தடவை கேட்டுவிட்டேன்.

"பொம்பிளப் பிள்ளை ஏறினால் போட் வச்சிருக்கிற சில சம்மாட்டிமார் முகம் சுளிப்பினம் பிள்ளை. அதோட, உம்மட அம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்தனான். உம்மைப் பத்திரமாப் பாக்கிறனெண்டு."

அம்மாவின் பெயர் வந்தால் நான் வாயைப் பொத்த வேண்டியதுதான். அம்மா ஞானமலர், உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. அப்பா இல்லாமல் என்னை வளர்த்தவ. அவவின் மனதை நோகச் செய்து ஒரு தொழில் எனக்குத் தேவையில்லை என்று அடங்கிப் போவேன். ஆனால் இரவு படுத்தால், சோதனைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடித்து எண்ணுவேன்.

பயிற்சியின் முடிவில் ஒரு சோதனை உண்டு. சோதனைக்கு வருகிற உத்தியோகத்தர் கரையில் நின்று கேள்வி கேட்டுவிட்டுப் போகமாட்டார். படகில் ஏறச் சொல்லுவார், ஓடுகிற எஞ்சினில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுவார். அதில் தவறினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் எந்தக் கடையும் என்னைப் போன்ற ஒருத்தியை எடுக்காது. திரும்ப அம்மாவோடு விடுதிக் குசினியில் நின்று வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். அந்தச் சோதனை வர ஒரு மாதம்கூட இல்லை. நான் ஒரு தடவைகூட படகில் ஏறியிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கீர் நானாவின் எஞ்சின் வந்தது.

பக்கீர் நானா கிண்ணியாவைச் சேர்ந்தவர். தாடி நரைத்த, நிதானமான மனுசர். அவருடைய எஞ்சின் எங்கள் கரையில் பலரிடம் உள்ள வகை. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. பெற்றோலில் நன்றாக ஓடுகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொஞ்ச நேரம் போனால் இளைத்து இளைத்து நின்றுவிடுகிறது என்றார். நான் திறந்தேன். காபரேட்டரைக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன். பீப்பாவுக்குள் இறக்கி ஓட்டினால் பாட்டுப் பாடியது. டிலுக்ஷன் படகில் போய் வந்து, "சோக்கா ஓடுது" என்றான். பக்கீர் நானா கொண்டுபோனார். இரண்டாம் நாளே எஞ்சினோடு திரும்பி வந்தார்.

மறுபடி திறந்தேன். பம்பை மாற்றினேன், குழாயை மாற்றினேன். பீப்பாவுக்குள் பாட்டு. டிலுக்ஷன் போய் வந்து சோக்கு என்றான். பக்கீர் நானா மறுபடி திரும்பி வந்தார். இந்த முறை கொட்டியாரக் குடாவில் நின்று, மூதூர்ப் படகு ஒன்றுதான் அவரை இழுத்து வந்ததாம்.

"கடலில எப்பிடிச் சத்தம் வந்தது?" என்று டிலுக்ஷனைப் பிடித்துக் கேட்டேன்.

"எஞ்சின் சத்தம்தான் வந்தது."

"மண்ணெண்ணெய்க்கு மாத்தினாப் பிறகு எப்பிடி?"

"அதுவும் எஞ்சின் சத்தம்தான் தங்கச்சி."

அவனுக்கு ஸ்பேனரால் ஒன்று போடலாம் போல இருந்தது. ஆனால் அவன்மேல் என்ன பிழை? அவன் திறக்காத எஞ்சின். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானம் றொபேட் அண்ணை என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறவரின் மலர்ச்சி.

"பிள்ளை, சோதனைக்கு முதல் நீர் கடலில ட்ரயல் செய்தனீர் எண்டு நான் எழுதிக் குடுக்கவேணும். அதைப் பற்றி யோசிக்கவேண்டாம். நான் சைன் வச்சுத் தாறன்."

"நான் போகேல்லையே அண்ணை."

"அது எங்களுக்குள்ள தானே. வாற உத்தியோகத்தரையும் எனக்குப் பழக்கம். கடல் கொஞ்சம் ஆடுது எண்டு சொல்லி, கரையிலயே பாத்துவிடச் சொல்லுவம். நான் இருக்கிறன், நீர் பயப்பிடாதேயும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அவ்வளவு காலம் அடக்கியது எல்லாம் ஒன்றாக வந்தது. எழுந்து நின்றேன்.

"அண்ணை, நீங்க எனக்குக் காத்தாடி தந்தீங்க, கையுறை தந்தீங்க, கக்கூஸ் கட்டித் தந்தீங்க. வேலையைத் தாங்கோ! சைனை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? நாளைக்கு ஒருத்தர் என்னை நம்பிக் கடலுக்குப் போனால், நடுக்கடலில உங்கட சைன் எஞ்சினை ஓட்டுமோ?"

டிலுக்ஷன் கையிலிருந்த பிளக்கை வைத்துவிட்டான். றொபேட் அண்ணையின் முகம் வாடிப் போயிற்று. அவரை அப்படிப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

வாசலில் பக்கீர் நானா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அப்ப என்ட எஞ்சினைத் தொறந்தது இந்தப் புள்ளயா?" என்று கேட்டார்.

டிலுக்ஷன் வாயைத் திறந்தான். றொபேட் அண்ணை கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"ஓம் நானா. ரெண்டு தரமும் அவதான்."

நான் தரையைப் பார்த்தேன். இனி இந்த மனுசர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பக்கீர் நானாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் என்மேல் இல்லை. "றொபேட், இது என்ன வேல? தொறந்த ஆள் கரையில நிக்க, தொறக்காத ஆள என்னோட அனுப்பினீங்களே. நான் ரெண்டு தரம் நடுக்குடாவில நிண்டதுக்கு இப்பதான் காரணம் விளங்குது. தொறந்த ஆள் வரட்டும்."

"நானா, அது பொம்பிளப் பிள்ளை."

"எனக்கும் கண்ணு தெரியுது. எஞ்சினுக்கு அது தெரியுமா?"

"நான் அவவின்ர தாய்க்கு வாக்குக் குடுத்தனான்."

"அப்ப தாயிட்டக் கேளுங்க. போன் இரிக்குதானே."

றொபேட் அண்ணை அம்மாவுக்கு அழைப்பு எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். அம்மா மறுப்பா, தான் தப்பிவிடலாம் என்று நம்பியிருப்பார் போல. அந்தப் பக்கம் தாச்சியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. விசயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

"அண்ணை," என்றா அம்மா, "பொழுதுபடமுன்னம் வீட்டை அனுப்புங்கோ எண்டுதான் நான் உங்களைக் கேட்டனான். கடலுக்கு அனுப்பவேண்டாம் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"நீங்க பயப்பிடுவீங்க எண்டு..."

"பயம்தான். அவள் பாஸ் பண்ணாமல் வந்து என்னோட குசினிக்க நிப்பாளோ எண்டு அதைவிடப் பயம். மீன் கருகுது அண்ணை, வைக்கிறன்."

என் மனம் குளிர்ந்து போயிற்று. அவவிடம் நேரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவ என்ன சொல்லுவா என்று நானும் றொபேட் அண்ணையும் ஆளுக்கொரு கற்பனையில் இருந்திருக்கிறோம்.

அடுத்த நாள் காலை, கச்சான் காற்று எழும்ப முன்னம் புறப்பட்டோம். றொபேட் அண்ணை உயிர்காப்பு அங்கியைத் தானே எனக்கு மாட்டி, வாரை இறுக்கினார். பிறகு இன்னொன்றை எடுத்துத் தானும் மாட்டிக்கொண்டார்.

"நானும் வாறன்" என்றார்.

டிலுக்ஷனின் கண் பிதுங்கியது. "அண்ணை, நீங்களோ?" என்று கேட்டான். இத்தனை வருசத்தில் அவர் படகில் ஏறி அவன் கண்டதே இல்லையாம், பிறகு சொன்னான்.

முழங்கால் மட்டும் தண்ணீரில் நடந்து ஏறினேன். படகு என் பாரத்துக்கு ஒரு பக்கம் சரிந்தபோது ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயமும் சந்தோசமும் சேர்ந்து வந்தால் சிரிப்புத்தான் வருகிறது, ஏன் என்று தெரியாது. றொபேட் அண்ணை முன்னால் போய் வலைக் குவியலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் எஞ்சினுக்குப் பக்கத்தில். பக்கீர் நானா பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுத்தார். பெற்றோலில் நல்ல சுகமாகத் தொடங்கியது. சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். சத்தம் கொஞ்சம் தடித்தது. அது சரியான சத்தம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

துறைமுகத்தில் காவல் நின்ற நேவிக்காரர் கையைக் காட்ட, நாங்களும் காட்டினோம். சிவப்பு மிதவை ஒன்று வந்தது.

"உங்கட டிலுக்ஷன் தம்பி இதில திருப்பச் சொல்லிருவார்," என்றார் பக்கீர் நானா. "எண்ணெய் வீணாகுதாம்."

மிதவையைத் தாண்டினோம். துறைமுக வாயைக் கடந்து குடாவுக்குள் வந்ததும் அலை நீளமாகத் தூக்கி இறக்கத் தொடங்கியது. எனக்கு அது பிடித்தது. றொபேட் அண்ணைக்குப் பிடிக்கவில்லை. முதலில் கதையை நிறுத்தினார். பிறகு நிறம் மாறினார். அதன் பிறகு படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, காலை சாப்பிட்ட இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்தார்.

"றொபேட், நீங்க எஞ்சின் கடை வச்சிரிக்கிற ஆள்தானே?" என்று பக்கீர் நானா கேட்டார்.

"கடை கரையில தானே நானா," என்று முனகினார்.

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அந்த நேரத்தில் எஞ்சின் இளைத்தது. தடித்த சத்தம் மெலிந்தது, ஒரு தடவை விக்கியது, பிறகு நின்றுவிட்டது. கடலில் எஞ்சின் நிற்கிறபோது எவ்வளவு அமைதி என்று அதுவரை எனக்குத் தெரியாது. படகில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும்தான்.

எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தேன். பிளக் சரி. காபரேட்டருக்குள் மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. எண்ணெய்க் குழாயின் நடுவில், கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றுகிற ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அது வற்றிய வாழைப்பழத் தோல் போலத் தட்டையாகக் கிடந்தது. அமுக்கிப் பார்த்தேன், திரும்பப் பொங்கவில்லை. குழாயில் எங்கோ அடைப்பு என்று நினைத்து, குமிழுக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட துண்டைக் கழற்றி ஊதினேன். அடைப்பு இல்லை. திரும்பப் பூட்டும்போது எண்ணெய்க் கை வழுக்கி, றொபேட் அண்ணையின் நல்ல திருகாணி முடுக்கி ஒன்று கடலுக்குள் போயிற்று. "பறவாயில்லை," என்றார் அவர் ஓங்காளத்துக்கு நடுவில். எனக்கு அழுகை வரப் பார்த்தது. சோதனை நாளும் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

பக்கீர் நானா அவசரப்படவில்லை. "எண்ண இரிக்கா எண்டு பாப்பம்" என்று மண்ணெண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திருகினார். திருகியதுதான் தாமதம், "சூ" என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் கேட்டது. என் கையில் இருந்த ரப்பர் குமிழ் மெல்லப் பொங்கி உருண்டது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நானா, அந்த மூடியைத் தாங்கோ."

மூடியின் உள்பக்கத்தில் சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட் மடித்துச் செருகியிருந்தது.

"அது நான்தான் வச்சன்," என்றார் பக்கீர் நானா. "கடல் தண்ணி உள்ளுக்குப் போயிரும் எண்டு. மண்ணெண்ணெய்க்கு நாங்க லைன்ல நிண்ட காலம் ஞாபகம் இரிக்குதானே. அதுக்குப் பொறகு ஒரு சொட்டையும் பழுதாக்க மனசு வாறல்ல."

அந்த மூடியில் ஊசி முனையளவு ஒரு துவாரம் உண்டு. எண்ணெய் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். லஞ்ச் ஷீட் அதை அடைத்துவிட்டது. தாங்கிக்குள் காற்றுப் போகாவிட்டால் எஞ்சினால் எண்ணெயை இழுக்க ஏலாது. பெற்றோல் வேறு தாங்கி, ஆகவே அதில் பிரச்சினை இல்லை. பீப்பாவில் ஓட்டும்போது எங்கள் கடைத் தாங்கி, ஆகவே பாட்டுப் பாடியது. டிலுக்ஷன் மிதவையடியிலேயே திரும்பியதால், காற்று அடைபடுகிற அளவு நேரம் ஒருநாளும் ஓடவில்லை. எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. நான் ஒரு நல்ல எஞ்சினை இரண்டு தரம் பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தது பக்கீர் நானா. ஆனால் குமிழ் என் கையில் இருந்தது. கரையில் இருந்திருந்தால் இன்னும் பத்துத் தரம் பிரித்துப் பூட்டியிருப்பேன்.

பக்கீர் நானா தன் தலையில் தானே குட்டிக்கொண்டு சிரித்தார். திரும்பி வரும்போது என்னிடம் கைபிடியைத் தந்து ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். றொபேட் அண்ணை வலைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

கரைக்கு வந்ததும் டிலுக்ஷன் ஓடிப்போய் இஞ்சிப் பிளேன்ரீ வாங்கி வந்தான். றொபேட் அண்ணை அதில் ஒரு மிடறு குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கடலெண்டால் சின்ன வயசிலயிருந்தே பயம் பிள்ளை," என்றார். "அதை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. உம்மையும் கரையில வச்சிருந்தது அந்தப் பயம்தான். அம்மாவின்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

"நீங்க இண்டைக்கு வந்தீங்கதானே அண்ணை," என்றேன். என் கோபம் முழுக்கப் போய்விட்டிருந்தது.

அன்றிலிருந்து நான் திறந்த எஞ்சினுக்கு நானே போனேன். மூதூர்க்காரரும் கிண்ணியாக்காரரும் பக்கீர் நானா சொல்லி வந்தார்கள். சிலர் ஏற இறங்கப் பார்த்தார்கள், ஆனால் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது சாம்பல்தீவுச் சம்மாட்டி வந்தார்.

அவர் சும்மா ஆள் இல்லை. பல படகு வைத்திருப்பவர், எங்கள் கடையின் பெரிய வாடிக்கையாளர். அதற்கு மேல், றொபேட் அண்ணையின் மனைவியின் கூடப்பிறந்த தமையன். அவருடைய எஞ்சின் ஒன்றை நான் திறந்திருந்தேன். அங்கியை மாட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்த என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"றொபேட், இதென்ன கூத்து? பொம்பிளை என்ர போட்டில கால் வைக்க ஏலாது. டிலுக்ஷனை விடும்."

டிலுக்ஷன் என்னைப் பார்த்தான், பிறகு றொபேட் அண்ணையைப் பார்த்தான். நான் அங்கியின் வாரைக் கழற்றத் தொடங்கினேன். இந்த மனுசரோடு றொபேட் அண்ணை ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. அவர் வந்தால் எழுந்து கதிரை கொடுப்பார். றொபேட் அண்ணைக்குப் பெண் கொடுத்த குடும்பம். அன்றைக்கு அவர் டிலுக்ஷனை அனுப்பியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"கழட்டாதேயும் பிள்ளை," என்றார் றொபேட் அண்ணை. குரல் மெல்லியதாகத்தான் வந்தது. "மச்சான், எஞ்சினைத் திறந்தது அவ. என்ர கடையில திறந்த ஆள்தான் ட்ரயலுக்குப் போறது."

"நான் சொல்லுறன், வேண்டாமெண்டு."

"வேண்டாமெண்டால் எஞ்சினைக் கொண்டு போங்கோ. செய்த வேலைக்கு ஒண்டும் தரவேண்டாம்."

சம்மாட்டி அவருக்குக் கிட்ட வந்தார். "என்ர தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டார். றொபேட் அண்ணை குனிந்து, எஞ்சினின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். டிலுக்ஷன் மறுபக்கம் பிடித்தான். ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அவருடைய மற்ற எஞ்சின்களையும் அடுத்தடுத்த நாளில் ஆள் வந்து எடுத்துப் போனான். இன்று வரை அந்தப் படகுகளில் ஒன்றும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

றொபேட் அண்ணை வீட்டுச் சோற்றைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவர். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவராது என்பார். அடுத்த நாள் மத்தியானம் அவர் முன்னால் கடைப் பார்சல் ஒன்று இருந்தது. அதற்கு அடுத்த நாளும் பார்சல்தான். என் சோதனை வந்து, படகில் ஏறி, உத்தியோகத்தர் வேண்டுமென்றே செய்துவைத்த பிழையைக் கண்டுபிடித்து, நான் பாஸ் என்று தெரிந்த நாளிலும் அவர் பார்சலைத்தான் பிரித்தார்.

"வீட்டில சமைக்கேல்லையோ அண்ணை?" என்று டிலுக்ஷன் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

"சமையல் நடக்குது," என்றார். "எனக்குத்தான் இல்லை. உவள் என்னோட கதைக்கிறதும் இல்லை."

இவ்வளவு காலம் அவர் எனக்குச் செய்த எதுவும் அவருக்கு நோகவில்லை. காற்றாடி இல்லாமல் கொஞ்சம் வியர்த்திருக்கும், அவ்வளவுதான். இது நோகிறது. வீட்டில் அவரோடு ஒரு வார்த்தை கதைக்க ஆள் இல்லை, அதுவும் எனக்காக. என் சாப்பாட்டுப் பெட்டியில் அம்மா வைத்துவிட்ட பொரித்த பாரை மீனில் பெரிய துண்டை எடுத்து அவருடைய சோற்றின் மேல் வைத்தேன்.

"நான் வந்து அக்காவோட கதைக்கவோ அண்ணை?"

"வேண்டாம். வீட்டை நான் பாக்கிறன். நீர் எஞ்சினைப் பாரும்." மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். "உப்புக் கூட," என்றார். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

பின்வாசலில் ஒரு படகு வந்து ஒதுங்கியது. இலங்கைத்துறையிலிருந்து வருகிறவர், எங்கள் கடைக்குப் புது ஆள். தண்ணீரில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"முதலாளி, என்ர எஞ்சினைத் திறந்தது ஆர்?"

றொபேட் அண்ணைக்கு வாய் நிறையச் சோறு. இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். விழுங்கிவிட்டு, வீதியில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அவதான். ஏத்திக்கொண்டு போங்கோ."